ஓடைக்கு ஒரு கோடு

“மடத்துப் பக்கமே ஏனுங்கம்மா தோண்டச் சொல்றீங்க?” என்று கேட்டார் செங்கோடன்.

குருவிடம் சீடர் கேட்கிற தொனியா அது? வக்கீல் கேட்கிற தொனி.

பழைய சுரங்கத்தை மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னின்று நடத்தியவர் மடத்துத் தலைவி பூரணியம்மை. சீடர் செங்கோடனைவிட இருபது வயது இளையவர்.

சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய கழிவுக்கல் பெரிய மேடாகக் கிடந்தது. மழைத்தண்ணீர் அதற்குள் புகுந்து, துருச்சிவப்பாய் வெளியே வரும். நேரே செங்கோடன் மகளின் வயலில் பாயும். இரண்டு போகமாய் நாற்று கருகிப்போச்சு.

“இந்தக் கல்லைக் கொட்டினவன் கை விளங்காமப் போக!” என்று மகள் மண்ணை வாரித் தூற்றினாள். செங்கோடன் தன் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் ஒரு பக்கத்துக் கல்லை மட்டுமே அள்ளிச் சுரங்கக் குழிக்குள் திரும்பப் போட்டு, தண்ணீருக்கு வழிவிட முடியும். அம்மை மடத்துப் பக்கத்தைக் காட்டினார்.

செங்கோடனுக்குச் சந்தேகம் தட்டியது. ஒளிந்து நின்று பார்த்தார். மடத்துக்காரர் ஒருவர் மடத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். போதாதா? அவர் தேடியது விழுந்த வாளியை என்பது வேறு விஷயம்.

“உங்க கிணறு நெறையணும், எம்புள்ள வயலு நாசமாப் போகணும். அதானுங்களே?”

அம்மை சுண்ணாம்புச் சட்டியை அவரிடம் நீட்டினார்.

“அப்ப நீங்களே கோடு போடுங்கண்ணா.”

வீம்போடு வாங்கினார். மேட்டில் ஏறி விறுவிறுவென்று கோடு இழுத்தார். கிழக்கு மூலையில் தொடங்கி, ஓரிடத்தில் வளைந்து, மகள் வயலைத் தொடாமல் ஏரிப் பக்கம் இறங்கியது கோடு. எங்கேயும் நின்று யோசிக்கவில்லை மனுஷன்.

“இப்படித் தோண்டச் சொல்லுங்க. சொட்டுத் தண்ணி தேங்காது.”

“அங்க எதுக்கு வளைச்சீங்க?”

“ஓடை அந்தப் பாறையைச் சுத்தித்தானுங்களே...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓடை கல்லுக்கடியில் புதைந்து நாற்பது வருஷம். அதன் தடம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மண்வெட்டிகள் நின்றன. கூட்டத்தில் மகளும் நின்றாள். செங்கோடனை அவமானம் பிடுங்கித் தின்றது.

“சுரங்கம் ஓடுனப்ப நான்தானுங்கம்மா இங்க மேஸ்திரி,” என்றார். “தூரமாக் கொண்டுபோகச் சோம்பல். ஓடை மேலயே கொட்டச் சொன்னது நான்தான்.”

“அது எனக்குத் தெரியுமண்ணா,” என்றார் பூரணியம்மை. “ஓடை எங்க இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு.”