எதிர்ப்பக்கத்து நாற்காலிகள்

சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் தேர்தல் முடிந்து ஒரு மாகாணத்தில் அம்பலவாணர் முதல் மந்திரியானார். அவர் பக்கம் அறுபது பேர், எதிர்ப்பக்கம் எழுபது. அந்த எழுபது பேரும் நாலு கட்சியாகப் பிரிந்து கிடந்ததால் பதவி இவருக்கு வந்தது.

சபை கூடுவதற்கு முந்தின நாள், நாற்காலி போடும் சேவகன் கொளஞ்சியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரன் படம் பிடிப்பான். எதிர்ப்பக்கம் நம்மைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தால் உன் வேலை போச்சு."

"எழுபது பேரை எப்படிங்க குறைக்கிறது?"

"அது உன் சாமர்த்தியம்."

"ஒருத்தர்கூட உட்காராம பாத்துக்கிறேனுங்க."

மறுநாள் எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலிகூட இல்லை. ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத நாலு கட்சிக்காரர்களும் சேர்ந்து நின்று கத்தினார்கள். அங்கேயே நம்பிக்கையில்லாத் தீர்மானமும் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சபையில் ஓட்டென்றால் எழுந்து நிற்பதுதான். "ஆதரிப்பவர்கள் நிற்கலாம்" என்றார் சபாநாயகர். எண்ணினார்கள். எழுபது. மந்திரிசபை கவிழ்ந்தது.

"என்ன காரியம்டா பண்ணினே?" என்றார் அம்பலவாணர்.

"நீங்க சொன்னதுதாங்க. உட்கார்ந்தவங்களையே எண்ணிக்கிட்டிருந்தீங்க. இருபது வருஷமா இங்க நிக்கிறவன் நான். நிக்கிறவங்களையும் ஒரு நாள் எண்ணட்டும்னு விட்டுட்டேன்."