மருதமரத்தில் நின்றுபோன கதை

ஏரிக்கரை மருதமரத்தில் ஒரு நத்தை இருந்தது. மரப்பட்டையில் ஊர்ந்து ஊர்ந்து வெள்ளிக் கோடாகக் கதை எழுதுவதுதான் அதன் வேலை. தவளை நீச்சல் கற்ற கதை, நரி முள்ளில் மாட்டிய கதை என்று எல்லாமே அந்த ஏரியில் நடந்தவை.

காலையில் வந்து கதையைப் படித்தவர்கள் மரத்தடியில் ஒரு தளிரை வைத்துவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க எழுதும் நத்தைக்கு வேறு சாப்பாடு கிடையாது. அடடா, அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது!

"என்னை இவ்வளவு குண்டாவா எழுதுவே?" என்று தவளை சண்டைக்கு வரும். "வயித்தைக் குறை, திருத்தி எழுதுறேன்!" என்று நத்தை சொல்லும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஓர் ஆண்டு வடக்கேயிருந்து ஒரு பூநாரை வந்தது. பனிமலைக் கதைகள் சொன்னது. அவ்வளவுதான், ஏரியே அதன் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பங்குனி வெயிலில் குரங்கு பல் தந்தியடிக்க நடுங்கியது! தளிர்களும் பூநாரைக்கே போயின. பூநாரை தளிர் தின்னாது என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் சேற்றில் கிடந்து அழுகின. உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒரு நாள் நத்தை மெல்லக் கூப்பிட்டது.

"குரங்குத் தம்பி! நீ கைக்குழந்தையா இருந்தப்ப உங்கம்மா வெள்ளத்துல உன்னைக் காப்பாத்திட்டுத் தான் போய்ச் சேர்ந்தாளே, அந்தக் கதையை எழுதுறேன். நான் கண்ணால பார்த்தது. ஒரு எட்டு வந்து படி. வரும்போது ஒரு தளிர் கொண்டு வா. சாப்பிட்டு நாலு நாளாச்சு!"

"எங்கம்மா என்ன பெரிய மகாராணியா? இங்கே பனிக்கரடி கதை பாதியில நிக்குது. நாளைக்கு வரேன்!"

அந்த நாளை வரவே இல்லை.

பூநாரை கிளம்பும் நேரம் வந்தது. "போற இடத்துல சொல்றதுக்கு உங்க ஏரிக் கதை ஒண்ணு கொடுங்களேன்!" என்று அது கேட்டது.

ஒருவர் வாயிலும் ஒரு கதை வரவில்லை. கடைசியில் குரங்குக்கு நினைவு வந்தது. "மருதமரத்துல இருக்கு!" என்று ஓடியது. மற்றவர்களும் ஓடினார்கள்.

குரங்கு உரக்கப் படித்தது: "வெள்ளம் கழுத்துவரை வந்துவிட்டது. அம்மா குட்டியை இந்தக் கிளையில் ஏற்றிவிட்டாள். அதன் காதில் ஏதோ சொன்னாள். அவள் சொன்னது…"

கோடு அதோடு நின்றிருந்தது. முனையில் நத்தையின் ஓடு ஒட்டியிருந்தது.

குரங்கு கை நிறையத் தளிர் பறித்து வந்தது. "நத்தையண்ணே, சாப்பிடுங்க! எங்கம்மா என் காதுல என்ன சொன்னா? அதை மட்டும் சொல்லிடுங்க!" என்று அழுதபடி ஓட்டைத் தொட்டது.

ஓடு கழன்று அதன் கையில் விழுந்தது. உள்ளே நத்தை இல்லை.

நம் கதையை எழுதுகிறவரை, அவர் இருக்கும்போதே படித்து ஆதரிக்க வேண்டும். அவர் போய்விட்டால் அந்தக் கதையைச் சொல்ல எந்த ஊரிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள்.