முதுகுப் பக்கத்து நாடா

ராஜபார்ட் சாரங்கபாணி பி.ஏ. படித்தவர். அது நாடகக் கொட்டகை முழுக்கத் தெரியும், ஏனென்றால் அவரே தினமும் சொல்வார். அன்று உடுப்பு மாட்டிவிடும் முத்திருளன் முன் நின்று ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துவிட்டார்.

"அப்சொல்யூட். லத்தீன்ல அவிழ்த்துவிட்டதுன்னு அர்த்தம். எதோடயும் கட்டில்லாதது, யாரையும் நம்பி நிக்காததுன்னு தத்துவக்காரங்க சொல்வாங்க. அது நான்தான். நான் யாரை நம்பி நிக்கிறேன்? ஆட்டம் முடியறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

உடுப்புக்கார முத்திருளன் முதுகுப் பக்கத்து நாடாக்களை முடிச்சுப் போடாமல் சும்மா செருகி அனுப்பிவிட்டான்.

மேடையில் ராஜா, "எமக்கு நிகர் எவன்?" என்று கையை உயர்த்தினார். மார்க்கவசம் சரிந்தது. தோள் சரிகை தொங்கியது. நழுவிய பட்டுக் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராஜா திரையோரம் ஓடிவந்தார். கொட்டகை விசிலடித்தது.

"கட்டுடா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கட்டுறேங்கய்யா. ஆனா கட்டிப்புட்டா நீங்க அப்சொல்யூட் இல்லாமப் போயிடுவீங்களே. பரவாயில்லீங்களா?"

ராஜா திரும்பி முதுகைக் காட்டினார்.

"இறுக்கிக் கட்டுப்பா," என்றார். "நாளைக்கும் நீயே கட்டு."