தொம்மையோட விக்கலும் வைக்கிங் படகும்

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு தையல்காரர் இருந்தார். மணப்பாடு ஊரு, தொம்மைன்னு பேரு. வாசல்ல இறங்கினா கடல். ஆனா அவர் கால்கூட நனைக்க மாட்டார், அவ்ளோ பயம். அவர் பொண்டாட்டி மிக்கேலம்மா படகுக்காரர் மக. அவளுக்குக் கடல்னா உசுரு. கேக்குறியா? ம் சொல்லு.

அப்புறம், நார்வேல இருக்கிற மகளைப் பாக்க ரெண்டு பேரும் போனாங்க. மக அவங்களை ஒரு மியூசியத்துல கொண்டுபோய் விட்டா. அந்தக் காலத்துல கடலையே கலக்கின வைக்கிங் ஆளுங்களைப் பத்தின மியூசியம். வெளிய கடல் தண்ணில அவங்க படகு மாதிரியே புதுசா ஒண்ணு செஞ்சு விட்டிருந்தாங்க. வந்தவங்களே துடுப்பு போடலாமாம்.

"ஏங்க, ஏறுவோம்."

"ஏட்டி, நான் கரையில நின்னு டாட்டா காட்டுறேன்."

விடுவாளா? கையைப் புடிச்சு வெடுக்குனு இழுத்து உக்கார வெச்சுட்டா.

பன்னெண்டு பேரு, ஆளுக்கு ஒரு தேசம். படகை நடத்துறவர் செவப்புத் தாடி ஊலாஃப். போட்டாங்க பாரு துடுப்பு! சளக்... புளக்... டங்கு! ஒருத்தர் முன்னாடி தள்ள, ஒருத்தர் பின்னாடி இழுக்க, படகு மாவாட்டுற கல்லு மாதிரி கிர்ர்ருனு சுத்துது. அப்போ "பூம்ம்ம்!"னு ஒரு பெரிய கப்பல் நேரா வருது!

ஊலாஃப் "ஹோய்! ஹோய்!"னு கத்தினார். யாருக்கும் புரியல. கிர்ர்ர்! அப்புறம் படகுல இருந்த மேளத்தை அடிச்சார், டம்! ஒரு துடுப்பு இடிச்சு மேளம் தண்ணில தொபுக்கடீர்! கப்பல் இன்னும் கிட்ட வந்துருச்சு.

அப்போதான் தொம்மைக்குப் பயத்துல விக்கல் வந்துச்சு. "விக்!" எல்லாரும் சிரிச்சாங்க. "விக்!" சிரிச்சுக்கிட்டே அந்தச் சத்தத்துக்கு ஒண்ணா இழுத்தாங்க. சளக்! "விக்!" சளக்! படகு நேரா கெளம்பிருச்சு!

பாவம்னு ஒரு வெள்ளைக்காரம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. தொம்மை வாய்கிட்ட கொண்டு போறார்... மிக்கேலம்மா அதைப் புடுங்கி மடக் மடக்னு தானே குடிச்சுட்டா!

"கரை வர்ற வரைக்கும் விக்குங்க! நிறுத்தினீங்க, நாம காலி!"

"விக்! பாவி, விக்! தண்ணி, விக்!"

படகு பறக்குது! கப்பல் பின்னாடி விஷ்ஷ்னு போயிருச்சு. கரைக்கு வந்துட்டாங்க.

ம்? தூங்கிட்டியா? கொஞ்சம்தான் இருக்கு.

ஊலாஃப் தொம்மையை அலேக்கா தூக்கிச் சுத்தினார். மிக்கேலம்மாவுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. "நாப்பது வருஷமாச்சுங்க, உங்ககூட ஒரு தடவை கடல்ல போகணும்னு ஆசைப்பட்டு."

தொம்மை அவ கையைப் புடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு மியூசியத்துக்குள்ள போனார். அங்க நெசமான பழைய கப்பல் ஒண்ணு கம்பி மேல அசையாம நிக்குது.

"ஏட்டி, பாத்தியா! பல வருஷமா ஒரு அடி நகரல. இதுல உன்கூட எங்க வேணாலும் வர்றேன்!"

அவ்ளோதான் கண்ணு. கதை கரை ஏறியாச்சு, கண்ணை மூடு.