கறுப்பு பானட்டில் ஒரு சாம்பல் புள்ளி

"மாஸ்டர், இந்தத் தொழில் எனக்கு வராது போலிருக்கு."

சூசைமாணிக்கம் பாலிஷ் மெஷினைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னாச்சு அண்ணே?"

"முந்தாநாள் ஒரு வெள்ளை வண்டி. அரை நாள் தேய்ச்சேன், தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். கீறல் அப்படியே இருக்கு. இன்னிக்கு இந்தக் கறுப்பு வண்டி. அதே மெஷின், அதே பஃப், அதே கை. வெச்சு எடுக்கறதுக்குள்ள வெந்துபோச்சு. வந்து பாருங்க."

ஜெய்புன்னிஷா வந்து பார்த்தாள். கறுப்பு பானட்டின் விளிம்பு மடிப்பில், கட்டைவிரல் அகலத்துக்கு, மேல் பெயிண்ட் முழுக்கப் போய் அடிப்பூச்சு சாம்பலாய்த் தெரிந்தது.

அவள் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சூசைமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்திநாலு. மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் கல்லுக்கு மெருகு போட்டுக் காலத்தை ஓட்டியவர். அவர் தேய்த்த கல்லில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம் என்று சொல்வார்கள். பட்டறை மூடியதும் மதுரைக்கு வந்து, மாட்டுத்தாவணிப் பக்கம் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் இந்தப் பெண்ணிடம் சேர்ந்தார். அவருடைய மூத்த மகள் வயதுதான் அவளுக்கு. இருந்தாலும் தொழில் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். வாய் நிறைய மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"எந்த பஃப் வெச்சு ஆரம்பிச்சீங்க?"

"கம்பளி பஃப். காம்பவுண்டுப் பசையும் இருக்கறதுலயே கரடுதான் போட்டேன்."

"ஏன்?"

"இதென்ன கேள்வி மாஸ்டர். எடுத்ததும் கரடு போட்டுத் தேய்ச்சு, அப்புறம் நடுத்தரம், கடைசியில நைஸ். கல்லுக்கு அப்படித்தான்."

"கல்லுக்கு."

அவ்வளவுதான் சொன்னாள்.

கடையின் பின்பக்கம் இரண்டு பழைய கார்க் கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டிலும் கீறல்கள். கையெழுத்துப் பழக வைத்திருக்கிற சிலேட்டு மாதிரி.

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் தடவிப் பாருங்கண்ணே. எது இளசு, எது கெட்டி?"

அவர் தடவினார். கல்லைத் தொட்டே ஊரைச் சொல்லும் கை அது. திரும்பவும் தடவினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாஸ்டர்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"உங்களுக்குமா?"

"யாருக்கும் தெரியாதுண்ணே. வெளியே பளபளப்பு ஒரே மாதிரிதான்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவள் மெஷினில் இருந்த கம்பளியைக் கழற்றினாள். இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்சைப் போட்டாள். நைஸ் பாலிஷ் இரண்டு சொட்டு. வெள்ளைக் கதவில் ஒரு சாண் இடத்தில் மெதுவாக ஓட்டினாள். கீறல் போகவில்லை. கறுப்புக் கதவில் அதே மாதிரி ஒரு சாண் இடம். அழுத்தவே இல்லை. கீறல் இருந்த இடம் தெரியவில்லை.

"கறுப்பு இளசு," என்றார் சூசைமாணிக்கம்.

"கறுப்புன்னு இல்ல. வெள்ளையிலயும் இளசு இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். ஒரே வண்டியில ஒரு கதவு மட்டும் வேற ஷெட்டுல அடிச்சிருந்தா, அதுவும் மாறும். சாவி குடுக்கும்போது யாரும் சொல்ல மாட்டாங்க. நாமதான் கேக்கணும்."

"மெத்துன்னு கேக்கணும்."

"பதில் வரலேன்னா, அதுக்கு அடுத்தது. அப்பவும் வரலேன்னா, அதுக்கு அடுத்தது."

"முதல்லயே கரட்டை வெச்சுட்டா?"

"அப்புறம் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் கறுப்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு மாஸ்டர். இளசுல கீறல் லேசாப் போயிடுதே. அந்த மட்டுக்கும் நல்லதுதானே?"

"போகும்போது கீறல் மட்டுமா போகுது?"

அவருக்குப் புரிந்தது. மேலே இருக்கும் அந்தக் கண்ணாடிப் பூச்சு காகிதத்தைவிட மெல்லிசு. தேய்க்கத் தேய்க்க அதுதான் குறைகிறது. கெட்டிப் பெயிண்ட் முரண்டு பிடித்துக் காட்டிவிடும். இளசு ஒன்றும் சொல்லாது. கொடுத்துக்கொண்டே இருக்கும், தீரும்வரை.

அவர் கறுப்புக் கதவின் பக்கத்தில் குந்தினார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு மாஸ்டர்," என்றார் அவர்.

"தெரியுமே. ரோஸ்லின் அக்கா. போன மாசம் வந்து உங்களுக்குச் சோறும் குடுத்து, நாலு திட்டும் குடுத்துட்டுப் போனாங்களே."

"அவ மூத்தவ. சின்னவ அமலி. அவளைப் பத்திச் சொன்னதில்ல."

அவள் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ரோஸ்லின் புருஷனோட சண்டை போட்டுட்டு அடிக்கடி வந்து நிப்பா. வந்த வழியே போடின்னு வாசல்லயே சொல்லுவேன். தள்ளுங்கப்பான்னு என்னை இடிச்சுக்கிட்டு உள்ளே போய், சட்டியில இருக்கற குழம்பை ஊத்தித் தின்னுட்டு, உப்புப் பத்தலேன்னு குறையும் சொல்லுவா. அப்படி எத்தனையோ தடவை. ஒரு நாள் சின்னவ வந்தா. கையில பை. அவளுக்கும் அதையேதான் சொன்னேன். வந்த வழியே போடின்னு."

"போயிட்டாங்களா?"

"ஒரு வார்த்தை பேசல. பையைக்கூடக் கீழே வைக்கல. திரும்புனவதான். இப்பத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில இருக்கா. புருஷன் வீட்டுக்கும் போகல. என்கிட்ட போனும் பேசறதில்ல."

ஜெய்புன்னிஷா கழற்றி வைத்த கம்பளி பஃப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றா. ரோஸ்லின் மகனுக்குச் சர்ச்சுல புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கறான். கோயில் முடிஞ்சு வீட்டுல விருந்து. நானும் போறேன். இந்தத் தடவை விடறதில்ல மாஸ்டர். உக்கார வெச்சு எல்லாத்தையும் எடுத்துச் சொல்லப் போறேன். ரெண்டு பேரையும் நான் ஒரே மாதிரிதான் வளர்த்தேன். ஒருத்திக்கு ஒரு வாய், இன்னொருத்திக்கு ஒரு வாய்னு நான் வெச்சுக்கல. நல்லாப் புரியற மாதிரி, விட்டுப்போனது ஒண்ணும் இல்லாம, மொத்தமாச் சொல்லிடணும்."

அவள் எழுந்தாள். கம்பளி பஃப்பைத் திரும்பவும் மெஷினில் மாட்டினாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கறுப்பு பானட்டின் சாம்பல் புள்ளியைக் காட்டினாள்.

"தேய்ங்க."

"இதையா?"

"ஆமா. விட்டுப்போனது ஒண்ணும் இல்லாம, மொத்தமா."

அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவிட்சில் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

"புள்ளி பெருசாகுமே மாஸ்டர்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு துணி அலசப் போய்விட்டாள்.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்தார். ஒத்தக்கடையில் மருந்துக்கடை வைத்திருக்கும் தங்கப்பழம். வண்டியைச் சுற்றி வந்தவர் பானட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

சூசைமாணிக்கம் முன்னால் வந்தார்.

"சார், உங்க வண்டி பெயிண்ட் ரொம்ப இளசு சார். வேற வண்டியா இருந்தா இதே அழுத்தத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. வெள்ளை வண்டி ஒண்ணு, அரை நாள் தேய்ச்சும்..."

பேசிக்கொண்டே போனவருக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

தங்கப்பழம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் மேல தப்பில்ல சார்," என்றார் சூசைமாணிக்கம். "அது அப்படித்தான் இருக்கும். நான்தான் பார்க்காம அழுத்திட்டேன்."

"ஏங்க, நான் கொண்டுவந்து விடும்போது கீறல்தான் இருந்துச்சு. நீங்க வைத்தியம் பார்த்து ஆளையே முடிச்சுட்டீங்களே. சரி, பாலிஷ் போட்டா இது போயிடுமா?"

"போகாது சார். புதுசாத்தான் அடிக்கணும். அடிச்சாலும், தெரிஞ்சவன் வெயில்ல நின்னு பார்த்தா தெரியும்."

"அடிச்சுக் குடுத்துடறோம் சார். எங்க பொறுப்பு," என்றாள் ஜெய்புன்னிஷா.

தங்கப்பழம் புள்ளியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனார்.

மறுநாள் புதுநன்மை விருந்து. ரோஸ்லின் வீட்டுக் கொல்லையில் பிரியாணிச் சட்டி ஏறியிருந்தது. அமலி சுவரோரம் தனியாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அப்பா வருவதைப் பார்த்தாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சூசைமாணிக்கம் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு பூண்டை எடுத்தார். பஸ்ஸில் வரும்போதுகூட வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு இருந்தது. நியாயம், காரணம், ஊர் என்ன சொல்லியிருக்கும், அக்காவைப் பார், எல்லாம் அதில் இருந்தது.

ஒரு பல்லை உரித்து முறத்தில் போட்டார்.

"அமலி."

அவள் நிமிரவில்லை.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நம்ம தெருமுனை பஸ் ஸ்டாப்புலதான்ப்பா உக்காந்திருந்தேன்," என்றாள். "கடைசி வண்டி வர்ற வரைக்கும்."