தலைவர் ஏற்றிவிட்ட கிளைடர்

கரூர் பக்கம் வறண்டு கிடந்த ஓர் ஏரியில் ரிமோட் விமானப் போட்டி நடந்தது. அதிக நேரம் பறக்கவிடுபவருக்கு, போட்டியை நடத்தும் விமானச் சங்கத்தில் இடம் உண்டு. இரண்டு வருஷமாக மனுக் கொடுத்தும் இடம் கிடைக்காத பொற்கிளி, கல்யாண மேடைகளுக்குத் தெர்மாகோல் அலங்காரம் செய்பவள், தானே வெட்டி ஒட்டிய கிளைடரோடு வந்து நின்றாள்.

சங்கத் தலைவர் தணிகாசலம் அதைப் புரட்டிப் பார்த்தார். "மோட்டாரே இல்லையேம்மா! கயிறு கட்டி இழுக்கக் கூடாது, கையால எறியவும் கூடாது. எப்படி மேல போகும்?"

கூட்டம் சிரித்தது. பொற்கிளிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பணிவாகவே கேட்டாள்: "உங்க பெரிய விமானம் எவ்வளவு கனம் தூக்குமுங்கய்யா?"

"மூணு கிலோ தூக்கும்!"

"இந்தக் கால் கிலோவை வெச்சா தள்ளாடிடாதுங்களே?"

"தள்ளாடுறதாவது! முதுகுல வையி, காட்டறேன்."

அவர் விமானத்தின் முதுகில் இரண்டு குச்சிகளை டேப்பால் ஒட்டி, அவற்றில் கிளைடரைச் செருகினாள். தலைவர் மேலே ஏற்றிய விமானம் உயரத்தில் மூக்கைத் தாழ்த்தியதும் கிளைடர் கழன்று மிதந்தது. சூடான மண்ணிலிருந்து எழுந்த காற்றில், தன் சின்ன ரிமோட்டால் அதைச் சுற்றவிட்டாள். பேட்டரி தீர்ந்து மற்ற விமானங்களெல்லாம் இறங்கின. தலைவருடையதும் இறங்கியது.

"இது செல்லாது!" என்று கத்தினார் அவர்.

"நான் இழுக்கலைங்க, எறியலைங்க. ஏத்திவிட்டது நீங்கதானுங்க. தலைவர் மேலயே புகார் எழுதச் சொல்றீங்களா?"

தணிகாசலம் அண்ணாந்து கிளைடரைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அதை முதல்ல இறக்கும்மா, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குது. சங்கத்துல உன் பேரை எழுதிக்கறேன்."