ஆறு பேரும் எங்கே போனாங்க?

ஒரு காட்டோரத்து ஊர்ல ஒரு அண்ணியும் நாத்தனாரும் இருந்தாங்களாம். அண்ணி பேரு தமயந்தி. நாத்தனார் பேரு குணவதி. "ம்" சொல்லிட்டே வா கண்ணு, நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

ம்.

தமயந்திக்கு நட்சத்திரத்தைப் படம் எடுக்கிற ஆசை. வானத்துல கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு கூட்டமா இருப்பாங்கல்ல, அவங்களை எடுக்கணும்னு ஊருக்கு மேல இருக்கிற பாறைக்குப் போனா. துணைக்குக் குணவதி. தீபம் முடிஞ்சு ஒரு வாரம். நிலா வர நேரமாகும், நல்ல இருட்டு.

குணவதி கையில ஒரு துணிப்பை.

"அது என்ன குணா?"

"பொரி உருண்டை அண்ணி. படைக்காம படம் எடுத்தா அவங்க கோவிச்சுக்குவாங்க."

"உனக்குப் பசிக்கும்னு சொல்லு."

அப்புறம் காமிராவை மூணு கால் மேல நிறுத்தினாங்க. அது தானா ஒவ்வொரு படமா எடுத்துக்கிட்டே இருக்கும். ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம் கண்ணைத் திறந்தே வெச்சிருக்கும். அதுவரைக்கும் வெளிச்சம் படக்கூடாது. டார்ச்சுல கூட சிவப்புக் காகிதம்.

டக். முதல் படம். ஆறு பேரும் இருந்தாங்க.

டக். ரெண்டாவது படம். நாலு பேருதான். கீழ இருந்த ரெண்டு பேரைக் காணோம்.

"மேகம்"னா குணவதி.

டக். மூணாவது படம். ஒருத்தருமே இல்ல.

ம்...

தமயந்தி காமிராவோட சின்னத் திரையை உத்துப் பார்த்தா. மேகம்னா ஓரம் பஞ்சு மாதிரி கலைஞ்சிருக்கும். இது கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருந்துச்சு. மெதுவா தலையைத் தூக்கினா. எதிர்ல பாறை மேட்டு மேல ஒரு பெரிய கறுப்பு. அதோட ஓரத்துல ஒரு நட்சத்திரம் தெரிஞ்சுது. மறைஞ்சுது. திரும்பத் தெரிஞ்சுது.

காது ஆடுது, கண்ணு. யானை.

புஸ்ஸ்ஸ்.

"டார்ச் அடிக்கட்டுமா அண்ணி?"

"வேண்டாம். மிரண்டா ஓடி வரும். பையைக் கீழ வை. வெல்லத்துக்குத்தான் வந்திருக்கு."

பையோட காதைக் குணவதி மணிக்கட்டுல சுத்தி முடிச்சுப் போட்டு வெச்சிருந்தா. இழுத்தா இறுகுது. மேல ஒரு கல்லு உருண்டுச்சு, கடகட. அப்போ தமயந்தி குனிஞ்சு பல்லால கடிச்சு முடிச்சை அவிழ்த்தா. பை கீழ விழுந்துச்சு, பொத்.

"ஓடிரலாமா?"

"ஓடாதே. வளையலைப் புடிச்சுக்கோ, சத்தம் வரக்கூடாது. உக்காந்தே இறங்கு."

ரெண்டு பேரும் பாறையில உக்காந்து சர்ர்... சர்ர்னு காமிராவுக்கு வலப்பக்கமா இறங்கினாங்க. மேல நறுக், நறுக்னு சத்தம். அப்புறம் அதுவும் நின்னுருச்சு. திரும்பிப் பார்க்கல. வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டப்புறம்தான் குணவதிக்கு அழுகையே வந்துச்சு.

மறுநாள் வெயில் ஏறினதும் ஊர்க்காரங்க முன்பக்கப் பாதையில கூட்டமா போய் காமிராவை எடுத்து வந்தாங்க. பேட்டரி தீர்ற வரைக்கும் அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருந்திருக்கு. தமயந்தி ஒவ்வொண்ணா பார்த்தா. கறுப்பு. கறுப்பு. அப்புறம் இடது ஓரத்துல ஒரு நட்சத்திரம். அப்புறம் மூணு பேரு. அப்புறம் ஆறு பேரும்.

"அப்பாடா, போயிருச்சு"ன்னா குணவதி.

தமயந்தி அந்தப் படங்களைத் திரும்பவும் பார்த்தா. இடது பக்கம் முதல்ல தெளிஞ்சுதுன்னா, கறுப்பு வலப்பக்கமா நகர்ந்திருக்கு. அவங்க இறங்கின பக்கம்.

ரெண்டு பேரும் கொல்லைப் பக்கம் வந்து பார்த்தாங்க. பாறையடியில இருந்து ஊரு வரைக்கும் மண்ணுல முறம் முறமா காலடித் தடம். ஒரு சத்தமும் இல்லாம அவங்க பின்னாடியே நடந்து வந்திருக்கு. அவங்க வீட்டு வேலிகிட்ட ரொம்ப நேரம் நின்னிருக்கு. அப்புறம் திரும்பிக் காட்டுக்கே போயிருச்சு.

ம்...

நம்ம வீட்டுக் கதவு சாத்தியாச்சு. யானையும் காடு சேர்ந்துருச்சு, கதையும் வீடு சேர்ந்துருச்சு. கண்ணை மூடு கண்ணு.